"நன்றாகத்தானே சாப்பிடுகிறது?": வீட்டு விலங்குகளின் பல்நோய் கண்ணில் படாமல் போவது ஏன்

வாய் நாறுகிறது என்று நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முழு மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஏழெட்டுப் பற்களைப் பிடுங்க வேண்டி வரலாம் என்கிறார். வளர்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "நன்றாகத்தானே சாப்பிடுகிறது, டாக்டர்?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. நாய் சாப்பிடத்தான் செய்கிறது. ஆனால் தட்டு காலியாவதை வைத்துப் பல்லின் நிலையைக் கணிக்க முடியாது. போதாததற்கு, மயக்கமே வேண்டாம், அரை மணி நேரத்தில் பல்லைப் பளிச்சென்று ஆக்கித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி? அதைப் பிரித்தறிய, விலங்கின் பல் எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் பல் கெடுவதுபோல் அது கெடுவதில்லை.

## நம் வாய் வேறு, அதன் வாய் வேறு

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. பால்பற்கள் நாய்க்கு 28, பூனைக்கு 26. ஆறேழு மாதத்துக்குள் அவை விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடும். சிறிய இன நாய்களில் சில பால்பற்கள், முக்கியமாகக் கோரைப்பற்கள், விழாமல் நின்றுவிடுவது உண்டு. ஒரு பல்லுக்கான இடத்தில் இரண்டு பற்கள் ஒட்டி நின்றால் இடுக்கில் உணவும் முடியும் சிக்கும். நோய் சிறு வயதிலேயே தொடங்கிவிடும். தானாக விழட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நிலைப்பல் வெளியே வந்த பிறகும் பால்பல் நின்றால் அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

பல்நோய் என்றதும் நம் மனதில் வருவது சொத்தை. நாய்களுக்குச் சொத்தை அபூர்வம். பூனைகளுக்கு ஏறக்குறைய கிடையாது என்றே சொல்லிவிடலாம். பற்கள் கூராகவும் இடைவெளி விட்டும் இருப்பது ஒரு காரணம். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது என்பது இன்னொன்று. பல்லை அரிக்கும் அமிலம் அதில் எளிதில் நிலைப்பதில்லை. ஆனால் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. அதே காரத்தன்மைதான் எச்சிலில் கரைந்திருக்கும் தாதுக்களைப் பல்மேல் சீக்கிரம் படியவைக்கிறது. ஆகவே நாய்க்குச் சொத்தை குறைவு, காரை அதிகம். நோயின் களம் பல் அல்ல. பல்லைப் பிடித்து நிறுத்தும் ஈறும் எலும்பும்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பல்லில் நமக்குத் தெரிவது சிறு பகுதியே. நாயின் மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர், வெளியே தெரியும் பகுதியைவிட நீளம். அது பின்னோக்கி வளைந்து, இரண்டு பற்கள் தள்ளி இருக்கும் முன்கடைவாய்ப்பல்லின் மேல்வரை போகிறது. அந்த வேருக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே.

## படலத்தில் தொடங்கி எலும்பில் முடிவது

1. படலம். பல்லைத் துடைத்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் அதன்மேல் ஒட்டத் தொடங்குகின்றன. வழுவழுப்பாக, நிறமில்லாமல் இருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

2. காரை. இரண்டு மூன்று நாட்களில் எச்சிலின் தாதுக்கள் சேர்ந்து படலம் கல்லாக இறுகுகிறது. மஞ்சளாக, பழுப்பாக நாம் பார்ப்பது இதைத்தான். பிரஷ்ஷுக்கு இது இனி அசையாது.

3. ஈறு அழற்சி. பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பு சிவந்து வீங்குகிறது. தொட்டால் ரத்தம் கசிகிறது. நோயின் முதல் நிலை இதுதான். முழுமையாகக் குணமாகக்கூடிய ஒரே நிலையும் இதுதான்.

4. பல்லின் பிடிமானம் போதல். பாக்டீரியாக்கள் ஈறுக்கு அடியில் இறங்குகின்றன. அங்கே ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் வகைகள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க உடல் அனுப்பும் தற்காப்பு அணுக்களின் சண்டையில், பல்லைப் பிடித்திருக்கும் இழைகளும் எலும்பும் சேர்ந்து அழிகின்றன. பிடிமானத்தில் கால் பங்குக்குள் இழந்திருந்தால் இரண்டாம் நிலை, கால் முதல் பாதி வரை என்றால் மூன்றாம் நிலை, பாதிக்கு மேல் என்றால் நான்காம் நிலை என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள்.

ஈறு அழற்சிக்கும் பிடிமானம் போவதற்கும் நடுவே இருப்பது ஒருவழிப் பாதை. போன எலும்பு தானாகத் திரும்பாது.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. காரை பார்க்க அசிங்கமாக இருப்பதால் அதுதான் எதிரி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் காரையின் பங்கு, பாக்டீரியா ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான இடம் தருவதுதான். தடித்த காரையின் கீழ் எலும்பு ஓரளவு நன்றாக இருப்பதும் உண்டு. பார்க்க வெள்ளையாக இருக்கும் பல்லின் வேரருகே ஆழ்ந்த பள்ளம் இருப்பதும் உண்டு. பல்லின் நிறம் நோயின் அளவுகோல் அல்ல.

சிறிய இன நாய்களுக்கு இந்த நோய் கூடுதல் கொடுமை. தாடை சிறியது, அதற்கு ஒப்பிட்டால் பல் பெரியது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் தாடை எலும்பின் அடி விளிம்புவரை இறங்கியிருக்கும். அந்த வேரைச் சுற்றி எலும்பு கரைந்தால் தாடையைத் தாங்கி நிற்க மிச்சமிருப்பது ஈர்க்குச்சி அளவுதான். சோபாவிலிருந்து குதித்த நாயின் தாடை ஒடிவது இப்படித்தான் நடக்கிறது. விபத்து என்று கொண்டுவருவார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் பல ஆண்டு பல்நோய். டாக்ஸ்ஹண்ட் போன்ற நீள்மூக்கு இனங்களில் மேல் கோரைப்பல்லின் உள்பக்க எலும்பு கரைந்து வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஓட்டை விழும். நாய் தண்ணீர் குடித்ததும் தும்மும், ஒரு மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வடியும். சளி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் நிற்காத மூக்கொழுகலுக்குக் காரணம் பல்லாக இருக்கலாம். பக் போன்ற தட்டைமுக இனங்களில் பற்கள் இடமில்லாமல் திரும்பியும் நெருங்கியும் நிற்பதால் படலம் சேர வசதி.

கெட்ட பல்லிலிருந்து பாக்டீரியா ரத்தத்தில் கலப்பது உண்மை. கடுமையான பல்நோய் உள்ள நாய்களில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றின் திசு மாற்றங்கள் அதிகம் காணப்படுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணம் என்று நிறுவப்படவில்லை. "பல் தேய்க்காவிட்டால் இதயம் நின்றுவிடும்" என்ற வகை விளம்பரங்களை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வாய்க்குள் நடக்கும் சேதமே சிகிச்சைக்குப் போதுமான காரணம்.

## உடைந்த பல், செத்த பல்

நாயின் மேல்தாடையில், கன்னத்துப் பக்கம் மிகப் பெரிதாகத் தெரிவது நான்காம் முன்கடைவாய்ப்பல். கத்தரிக்கோல்போல வெட்டும் பல் இது. கெட்டியான எலும்பு, மான்கொம்பு, குளம்பு, பனிக்கட்டி போன்றவற்றை நாய் கடிக்கும்போது இந்தப் பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தின் நடுவே சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் பற்கூழ் திறந்துவிட்டது என்று பொருள். முதல் சில நாள் கடும் வலி. பிறகு கூழ் செத்துவிடும், வலி அடங்கியதுபோல் தோன்றும். அந்தத் துளை வழியாக இறங்கும் பாக்டீரியா வேரின் நுனியில் சீழ்கட்டும். இந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். அவை முடியும் இடம் கண்ணுக்குச் சற்றுக் கீழே. ஆகவே கண்ணுக்குக் கீழே திடீரென வீக்கம் வந்தால், ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைக்கும் முன் பல்லைப் பார்க்க வேண்டும்.

உடையாமலே சாகும் பல்லும் உண்டு. முகத்தில் அடிபட்டோ, இழுபறி விளையாட்டிலோ உள்ளே ரத்தம் கசிந்து பல் இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, பின் சாம்பல் நிறமாகும். இப்படி நிறம் மாறிய பற்களைத் திறந்து பார்த்த ஆய்வொன்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் கூழ் மீட்க முடியாதபடி கெட்டிருந்தது. திறந்த கூழோ செத்த கூழோ, வழி இரண்டுதான்: வேர் சிகிச்சை அல்லது பிடுங்குதல். பார்த்துக்கொண்டு இருப்போம் என்பது மூன்றாவது வழி அல்ல.

கடிக்கக் கொடுக்கும் பொருளைச் சோதிக்க எளிய வழி: கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் அது பல்லைவிடக் கெட்டியாக இருக்கலாம்.

## பூனையின் இரண்டு தனி நோய்கள்

பல் உறிஞ்சப்படுதல். பால்பல் விழும் காலத்தில் அதன் வேரைக் கரைக்கும் ஒருவகை அணுக்கள் உண்டு. பூனைகளில் இவை காரணமே புலப்படாமல் மறுபடி விழித்துக்கொண்டு நிலைப்பல்லையே தின்னத் தொடங்குகின்றன. நடுவயது தாண்டிய பூனைகளில் இது மிகச் சாதாரணம். கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லில்தான் அடிக்கடி தென்படும்: பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு சிறு குழி, அதன்மேல் சிவந்த ஈறுத் திசு ஏறிப் படர்ந்திருக்கும். குழி நரம்பைத் தொட்டுவிட்டால் வலி கடுமை. மயக்கத்தில் இருக்கும் பூனையின் அந்த இடத்தைக் கருவி தொட்டாலே தாடை படபடவென நடுங்கும்! அடைத்துக் காப்பாற்ற முடியாத நோய் இது. வேர் முழுதாக இருந்தால் பல்லைப் பிடுங்குவார்கள். வேர் எலும்போடு எலும்பாகக் கலந்துவிட்டிருந்தால் மேல்பகுதியை மட்டும் வெட்டி ஈறை மூடுவார்கள். இரண்டில் எது என்று சொல்ல எக்ஸ்ரே இல்லாமல் வழியில்லை.

வாய் முழுக்க அழற்சி. சில பூனைகளுக்குத் தொண்டையருகே இரண்டு பக்கமும் திசு நெருப்பாகச் சிவந்து புண்ணாகிவிடும். பற்படலத்துக்கு எதிராக உடல் அளவுக்கு மீறிப் பொங்குவது இதன் அடிப்படை. பூனைக் காலிசிவைரஸுக்கும் இதில் பங்கிருப்பதாகக் கருதப்படுகிறது. பசியோடு தட்டுக்கு வரும், முகரும், ஒரு வாய் எடுக்கும், உடனே வீறிட்டுக்கொண்டு பின்வாங்கி ஓடும். ஏதோ தட்டுதான் தன்னைக் கடித்துவிட்டதுபோல அதைத் திரும்பிப் பார்க்கும். மருந்து மட்டும் கொடுத்துச் சமாளிப்பது பெரும்பாலும் தற்காலிகம். கடைவாய்ப்பற்களை அல்லது எல்லாப் பற்களையும் எடுத்துவிடுவதே இன்றுள்ள முதன்மைச் சிகிச்சை. கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் பெரும்பான்மைப் பூனைகள் அதன்பிறகே நன்றாகத் தேறுகின்றன. எஞ்சியவற்றுக்கு மருந்தும் தொடர வேண்டியிருக்கும்.

## முயலும் கினிப் பன்றியும்

முயலுக்கு 28 பற்கள், கினிப் பன்றிக்கு 20. அவை அனைத்தும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முயலின் முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வளரும். நார் நிறைந்த காய்ந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் வளர்ச்சிக்கு ஈடாகத் தேயும். குருணைத் தீவனமே பிரதான உணவாகிவிட்டால் தேய்மானம் போதாது. கடைவாய்ப்பற்களின் ஓரம் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வேர் மேல்நோக்கித் தள்ளிக் கண்ணீர்க் குழாயை அழுத்தினால் கண் ஓயாமல் வழியும். தாடை நனைந்தே இருப்பது, விரும்பித் தின்றதைத் தவிர்ப்பது, புழுக்கை சிறுத்துப் போவது ஆகியவை அடையாளங்கள்.

முயல் 12 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை என்றால் அது அவசரநிலை. குடல் இயக்கமே நின்றுபோகலாம். நீண்ட முன்பல்லை வீட்டில் நகவெட்டியால் நறுக்குவது பல்லை நீளவாக்கில் பிளந்துவிடும்.

## வலி ஏன் தெரிவதில்லை

பசி வலியைவிட வலுவானது. வலியைக் காட்டிக்கொள்ளும் விலங்கு காட்டில் இரையாகும் என்பதால் அடக்கிக்கொள்ளும் இயல்பு இவற்றுக்கு ஊறியது. அதற்கு மேல், பல்நோய் ஒரே நாளில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விலங்கு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. நாமும் "வயசாகிவிட்டது" என்று பழகிவிடுகிறோம். கவனிக்க வேண்டியவை இவை:

1. ஒரு பக்கமாகவே மெல்லுதல், தலையைச் சாய்த்துக்கொண்டு தின்னுதல், வாயிலிருந்து உணவு நழுவுதல்.
2. மெல்லாமல் அப்படியே விழுங்குதல். கெட்டித் தீவனத்தை விட்டு ஈரமான உணவை மட்டும் தேடுதல்.
3. வாயைக் காலால் தேய்த்தல், முகத்தைத் தொட விடாமல் திருப்பிக்கொள்ளுதல்.
4. எச்சிலில் ரத்தம், கடித்த பொம்மையில் சிவப்புக் கறை.
5. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்து, முதுகு முடி சடைபிடித்தல்.
6. விளையாட்டில் ஆர்வம் குறைதல், காரணமில்லாத சிடுசிடுப்பு.

வாய் நாற்றத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காரணம், அதைப் பலரும் இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அது இயல்பு அல்ல. நாய் வாய் நாறத்தான் செய்யும் என்பது நோயுற்ற நாய்களையே பார்த்துப் பழகியதால் வந்த முடிவு.

வயதான விலங்கின் வாயில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், சில பற்கள் மட்டும் திடீரென ஆடுவது, ஆறாத புண் ஆகியவை இருந்தால் அது பல்நோயாக இல்லாமல் புற்றுநோயாகவும் இருக்கலாம். நாய்க்கு மெலனோமா, பூனைக்குச் செதிள்படலப் புற்று வாயில் வருபவை. தாமதிக்கக் கூடாத நிலை இது.

## மயக்கம் எதற்கு?

முழுக் குழப்பமும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. மருத்துவமனையில் அந்த நாளில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

1. முன்சோதனை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் செயல்பாடு, ஸ்டெதாஸ்கோப்பில் இதயம். தேவைப்பட்டால் கூடுதல் சோதனைகள்.
2. மூச்சுக்குழாயில் குழாய். மயக்க வாயு இதன் வழியாகப் போகிறது. சுத்தம் செய்யும்போது தெறிக்கும் தண்ணீரும் காரையும் பாக்டீரியாவும் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பதும் இந்தக் குழாய்தான்.
3. அளவுக்குச்சி. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறின் விளிம்பில் இறக்கிப் பார்ப்பார்கள். நாய்க்கு 3 மி.மீ. வரை, பூனைக்கு சுமார் அரை மி.மீ. வரை இறங்கினால் சரி. 8 மி.மீ. இறங்கினால் அங்கே எலும்பு இல்லை.
4. எக்ஸ்ரே. வேரும் எலும்பும் தெரிய வேறு வழியில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், வெளிப்பார்வைக்குக் கோளாறே தெரியாத பற்களில் எக்ஸ்ரே மூலம் முக்கியமான நோய் கண்டறியப்பட்டது நாய்களில் சுமார் 28 சதவீதம், பூனைகளில் சுமார் 42 சதவீதம்.
5. ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுத்தல்), மெருகு. ஈறுக்கு மேலே மட்டுமல்ல, ஈறுக்கு அடியிலும். பிறகு பல்லை மெருகேற்றுவார்கள்; கீறல் விழுந்த பரப்பில் படலம் சீக்கிரம் ஒட்டும்.
6. பிடுங்க வேண்டியவை. நரம்புக்குத் தனியாக மரத்துப்போகும் ஊசி போட்டு, பல வேர்ப் பல்லை வெட்டிப் பிரித்து எடுத்து, ஈறைத் தைப்பார்கள்.

இப்போது மயக்கமில்லாத சுத்தத்தை இதோடு ஒப்பிடலாம். விழித்திருக்கும் நாயைப் பிடித்துக்கொண்டு செய்யக்கூடியது ஐந்தாம் படியின் பாதிதான், அதுவும் பல்லின் வெளிப்பக்கம் மட்டும். ஈறுக்கு அடியில் கூரான கருவியை இறக்க எந்த விலங்கும் அனுமதிக்காது. அளக்கவும் முடியாது, எக்ஸ்ரேயும் கிடையாது. கால்நடைப் பல் மருத்துவர்களின் அமெரிக்கக் கல்லூரி உட்படப் பல நிபுணர் அமைப்புகள் இதை ஏற்க மறுப்பது இதனால்தான். பல் வெளுத்துவிடுகிறது. வீட்டார் நிம்மதியாகப் போகிறார்கள். அடியில் நோய் அப்படியே நடக்கிறது, இப்போது மூடிமறைத்த நிலையில். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் நாற்றமாவது எச்சரித்திருக்கும்!

மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முன்சோதனை, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் தொடர்ந்து கண்காணிப்பு, உடலைச் சூடாக வைத்தல் ஆகியவற்றால் அதைக் குறைக்கலாம். வயது மட்டுமே தடையல்ல. சிறுநீரகமோ இதயமோ எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: பல் எக்ஸ்ரே எடுப்பீர்களா? மூச்சுக்குழாயில் குழாய் போடுவீர்களா? மயக்கத்தை முழு நேரமும் கவனிக்கத் தனியாள் உண்டா? வீட்டுக்கு வந்தபின் வலிக்கு என்ன மருந்து?

## வீட்டு மருந்துப் பெட்டி

வேரில் சீழ் இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் வீக்கத்தை வற்றவைக்கும். பல் அங்கேயே இருப்பதால் சில வாரத்தில் வீக்கம் திரும்பி வரும். சிகிச்சையோடு துணைக்கு வருவது அது, சிகிச்சைக்கு மாற்று அல்ல. மாதாமாதம் சில நாள் கொடுத்துப் பல்நோயை "கட்டுக்குள்" வைப்பது மருந்துக்கு மசியாத பாக்டீரியாவைத்தான் வளர்க்கும்.

பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பல்வலிக்கு நாம் வைக்கும் கிராம்பு எண்ணெயைப் பூனையின் கல்லீரலால் கையாள முடியாது. மனிதர் பற்பசை நாய்க்கு ஆகாது. சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென இறக்கி, கல்லீரலையும் தாக்கும்.

தடுப்புக்கு வீட்டில் பயன் தருவது பிரஷ்தான். விலங்குகளுக்கான பற்பசை, மென்மையான பிரஷ், தினமும். படலம் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்ப்பது கணக்கில் வராது. கன்னத்துப் பக்கம் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். முதலில் விரலில் பசையை நக்கவிட்டு, பிறகு உதட்டைத் தூக்கிப் பழக்கி, ஓரிரு வாரம் கழித்துத்தான் பிரஷ். ஆனால் ஈறு ஏற்கெனவே வலிக்கும் வாயில் பிரஷ்ஷைத் திணித்தால் விலங்கு அதை ஜென்மத்துக்கும் மறக்காது. முதலில் சிகிச்சை, புண் ஆறியபின் பிரஷ். மெல்லும் குச்சி, தீவனம் வாங்குவதானால் கால்நடை வாய்நலக் குழுவின் (VOHC) முத்திரை உள்ளதா என்று பார்க்கலாம். படலத்தையோ காரையையோ குறைப்பதற்கான சோதனை முடிவுகள் இருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். பூனைகளுக்கும் சிறிய நாய்களுக்கும் ஒரு வயதிலிருந்தும், பெரிய நாய்களுக்கு இரண்டு வயதிலிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை மயக்கத்தில் வாய்ப் பரிசோதனையும் சுத்தமும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

## பல் போனால் எப்படிச் சாப்பிடும்?

கடைசியாக எல்லோரும் கேட்பது இது. நாயும் பூனையும் நம்மைப்போல உணவை அரைத்துக் கூழாக்குவதில்லை. அவற்றின் பற்கள் இரையைப் பிடிக்கவும் கிழிக்கவும் ஏற்பட்டவை. தட்டில் வைக்கும் உணவுக்கு அந்த வேலையே இல்லை. ஈறு ஆறும்வரை ஒன்றிரண்டு வாரம் மென்மையான உணவு. அதற்குப் பின், ஒரு பல்கூட இல்லாத பூனைகள் கெட்டித் தீவனத்தையே தேடிப் போய்த் தின்பது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. நாய்களின் வீட்டார் மறுபரிசோதனைக்கு வரும்போது சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வயசாகி அடங்கிவிட்டது என்று நினைத்திருந்த நாய், மூலையில் கிடந்த பந்தைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டதைத்தான் சொல்கிறார்கள்.